11 வார இருமலும் காரைக்குடி நெஞ்சு டாக்டரும்

எனக்கு ஆத்தங்குடியில் கல் போடும் தொழில். தரைக்குப் பதிக்கிற பூக்கல். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணத்தை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் கலவையைப் போட்டு இழுப்போம். 22 வருஷமாக இதே வேலைதான். அதனால் தை மாசக் கடைசியில் எனக்கு இருமல் வந்தபோது பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: "சிமெண்ட் தூசி, அண்ணே." நானும் அதையே நம்பினேன்.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குழியில் கோழி இறகை வைத்துத் தடவுவது போல ஒரு கூச்சம், உடனே இருமல். பகலில் வேலை ஓடும்போது ஓரளவு தாங்கும். ராத்திரி படுத்தால் விடாது. எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, விடியற்காலை மூன்று மணிக்குத்தான் கண் அயரும். இருமி இருமி இடது விலா வலித்தது. சாப்பிட்டது வெளியே வந்த நாளும் உண்டு. மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை, ஆடாதொடைக் கசாயம், தூதுவளை ரசம் என்று என் வீட்டுக்காரி செய்யாதது இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய சிரப் நாலு பாட்டில். இரண்டு இடத்தில் டாக்டரிடம் காட்டி, இரண்டு தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். பங்குனியில் முத்துமாரியம்மனுக்கு அவள் பால்குடம் எடுத்தாள், நான் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. இருமினதும் பக்கத்தில் நின்றவர்கள் முகத்தை மூடிக்கொண்டு நகர்ந்தார்கள். அன்று ரொம்ப வேதனைப்பட்டேன்.

பதினோராவது வாரம்தான் காரைக்குடிக்குப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில், மாடியில் இருக்கிற சின்ன கிளினிக். டாக்டரைக் கேட்காமல் பெயர் போடுவது முறையில்லை என்பதால் போடவில்லை. அங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் குறைகள். டோக்கன் மூன்று மணிக்குக் கொடுக்கிறார்கள், டாக்டர் ஐந்தரைக்கு வருகிறார், என் முறை வரும்போது மணி எட்டே கால். அத்தனை இருமல்காரர்களும் ஒரே அறையில், ஒரே ஒரு ஜன்னல். முகக்கவசம் போடச் சொல்லி எழுதி ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் யாரும் கேட்டு வாங்கிப் போட வைப்பதில்லை. நெஞ்சு நோய் பார்க்கிற இடத்தில் இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். எக்ஸ்ரே அங்கே கிடையாது, வெளியே எடுத்து வரணும். வயசானவர்களுக்கு அந்த மாடிப்படியே பெரிய சோதனை.

உள்ளே போனதும் நான் "சிமெண்ட் தூசி" என்று ஆரம்பித்தேன். அவர் மறுக்கவில்லை. "இருக்கலாம் ஐயா, முதல்ல கேட்டுக்குறேன்" என்றார். என்றைக்கு ஆரம்பித்தது, படுத்தால் கூடுகிறதா, சாப்பிட்டதும் நெஞ்சு எரிகிறதா, மூக்கின் பின்பக்கம் சளி இறங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, பீடி சிகரெட் உண்டா, எடை குறைந்ததா, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, சளியில் ரத்தம், வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். எட்டு வாரம் தாண்டினால்தான் பெரியவர்களுக்கு அதை நாள்பட்ட இருமல் என்பார்களாம். ஆனால் இரண்டு வாரம் தாண்டினாலே டிபிக்குச் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்றார். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம், டிபி என்று வந்தால் ஆறு மாச மாத்திரையும் இலவசம். நான் பதினோரு வாரம் அதைச் செய்யாமல் இருந்திருக்கிறேன், யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. மணல் தூசியால் வருகிற சிலிக்கோசிஸ் இருக்கிறதா என்று வெளிச்சப் பெட்டியில் ஃபிலிமை வைத்து, பேனா முனையால் இரண்டு நுரையீரலின் மேல்பக்கத்தையும் காட்டி விளக்கினார். பிறகு குழாயில் ஊதச் சொல்கிற சோதனை. உதவிக்கு இருந்த பெண் "ஊதுங்க, ஊதுங்க, விடாம ஊதுங்க" என்று தன் மூச்சே போவது போலச் சொன்னாள். மூன்று தடவையும் சரியாக வந்தது, ஆஸ்துமாவுக்கான அடையாளம் அதில் தெரியவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த சளியிலும் ஒன்றும் இல்லை.

இரண்டாம் தடவை போகும்போது, வீட்டில் சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டு வரச் சொல்லியிருந்தார். மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோய் மேஜையில் கொட்டினேன். சிரப் பாட்டில்களை ஓரமாகத் தள்ளினார். "வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார். பேத்திக்கு ஒன்றரை வயசு என்றேன். இதில் ஒரு சொட்டுகூட அவளுக்குக் கொடுக்கக் கூடாது, இரண்டு வயசுக்குள் இருமல் சிரப்பே வேண்டாம் என்று 2025-இல் மத்திய அரசே சொல்லியிருக்கிறது என்றார். மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்ததும் அந்த வருஷம்தான். தேன் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு மட்டும் கூடாதாம்.

அப்புறம் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்து வந்தவர், ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். ராமிப்ரில். "இது எப்ப ஆரம்பிச்சீங்க?" பொங்கல் முடிந்த வாரம் ஒரு முகாமில் பிரஷர் அதிகமாக இருக்கிறது என்று கொடுத்த மாத்திரை. இருமல் வந்தது மூன்றாவது வாரம். தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி என்னிடம் காட்டினார்.

அந்த மாத்திரை நல்ல மாத்திரைதான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பலருக்கும் காவல் என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கினார். உடம்பில் பிராடிகைனின் என்று ஒரு பொருள் உண்டாம். அதை உடைக்கிற நொதியையும் இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. அது மூச்சுக்குழாயில் தங்கி நரம்பைச் சீண்டுவதால்தான் இந்த வறட்டு இருமல் வருகிறது. எனலாப்ரில், லிசினோப்ரில் என்று 'பிரில்' என முடிகிற மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இதே குணம். நூறு பேர் சாப்பிட்டால் ஐந்திலிருந்து இருபது பேர் வரை இப்படி இருமுவார்களாம்.

"நீங்களா நிறுத்திடாதீங்க. பிரஷர் ஏறினா பக்கவாதம் வரும்" என்று இரண்டு தடவை சொன்னார். அதற்குப் பதில் டெல்மிசார்டன் எழுதிக் கொடுத்தார். மாற்றினதும் நின்றுவிடாது, ஒரு வாரத்திலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாசம்கூட இழுக்கும் என்றார். சிரப் எதுவும் எழுதவில்லை. எனக்குப் பன்னிரண்டாம் நாள் ராத்திரி முழுசாகத் தூக்கம் வந்தது. காலையில் எழுப்பியபோது என் வீட்டுக்காரி அழுதுவிட்டாள். நாலாவது வாரம் இருமல் போயே போச்சு. பிரஷர் 130-க்கு 80-இல் நிற்கிறது.

கிளினிக்கில் ஒரு நாள் எனக்கு முன்னால் டாக்டர் பார்த்தது பள்ளத்தூர் ஆச்சி ஒருவரை. விறகு அடுப்பில் 30 வருஷமாகத் தேன்குழலும் முறுக்கும் சுட்டு விற்கிறவர். அவருடையது புகையால் குழாய் சுருங்கிய நோய். இன்ஹேலர் வேண்டாம், பழகிப்போகும் என்று பிடிவாதமாக இருந்தார். டாக்டர் அவசரப்படவில்லை. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றி வரும், இது நேரே குழாய்க்குப் போகும் ஆச்சி, அதனால் மருந்து கொஞ்சம் போதும் என்று சொல்லி, பிளாஸ்டிக் குடுவையில் மாட்டி தானே உறிஞ்சிக் காட்டினார். "மெதுவா இழுங்க, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிங்க." மூன்றாம் தடவை ஆச்சி சரியாகச் செய்தார். வெளியே 20 பேர் காத்திருக்கும்போது இதற்கு அவர் கொடுத்த நேரம்தான் எனக்கு அந்த நீண்ட காத்திருப்பை மறக்க வைத்தது.

செலவு: முதல் தடவை 400, மறுபடி பார்த்தது 200, ஊதுகிற சோதனை 600, எக்ஸ்ரே வெளியே 350. அதற்கு முன்னால் சிரப்புக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் போனது இதைவிட அதிகம்.

போகிறவர்கள் மாத்திரைகளை அட்டையோடு கொண்டு போங்கள், சர்க்கரைக்கோ பிரஷருக்கோ எதற்கு என்றாலும். எக்ஸ்ரே பழசு இருந்தால் அதையும். முகக்கவசம் சொந்தமாக எடுத்துப் போங்கள். வருகிற வியாழக்கிழமை என் மச்சினனைக் கூட்டிப் போகிறேன். 40 வருஷமாகப் பீடி, நாலு மாசமாக இருமல், வேட்டி இடுப்பில் நிற்காத அளவு மெலிந்திருக்கிறார். சளிப் பரிசோதனைக்கு நாளைக் காலையிலேயே கொடுக்கச் சொல்லி டப்பா வாங்கி வைத்திருக்கிறேன்.