சரக்கு விமானத்திலிருந்து எஃப்-16க்கு: அமெரிக்க ரிசர்வ் வழிப் பயிற்சி எப்படி?

சி-17, சி-130, கேசி-135 என்று பெரிய விமானங்களை ஓட்டியவர்களை எடுத்து எஃப்-16 போன்ற ஒற்றை ஆள் போர் விமானத்தில் உட்கார வைக்கும் வழி அமெரிக்காவில் உண்டு. அது பெரும்பாலும் ஏர் நேஷனல் கார்டு (மாநிலங்களின் பகுதிநேர விமானப்படை), விமானப்படை ரிசர்வ் (மத்திய அரசின் பகுதிநேரப் படை) ஆகியவற்றின் வழியாகத்தான் திறக்கிறது. பயிற்சியைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. பயிற்சி முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கலே தொடங்குகிறது.

நுழைவு விசித்திரமானது. ஆளைத் தேர்ந்தெடுப்பது தலைமையகம் அல்ல, அந்தந்த ஸ்குவாட்ரன் (சேர்ந்து பறக்கும் விமானப் பிரிவு). விமானிப் பயிற்சிக்கு ஈடான 10 ஆண்டு கட்டாயச் சேவையை முடித்து முழுநேரப் படையிலிருந்து வெளியே வருகிறவர்தான் வழக்கமான விண்ணப்பதாரர். விண்ணப்பத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. நேர்முகத் தேர்வுக்குப் பல மாதம் முன்பிருந்தே அவர்கள் கூடும் வார இறுதிகளில் போய் முகம் காட்ட வேண்டும். எடுத்தால் அடுத்த பத்துப் பதினைந்து வருடம் அதே ஆட்களோடுதான் குப்பை கொட்ட வேண்டும் என்பதால், ‘இவரோடு ஒத்துப்போக முடியுமா’ என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பதிவேட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான மணி நேரத்துக்குப் பாதி மதிப்புதான்.

முதல் வடிகட்டி டி-38 என்ற அதிவேக ஜெட் பயிற்சி விமானம். ஆரம்பப் பயிற்சியில் டி-1 (பெரிய விமானங்களுக்குப் போகிறவர்கள் பழகிய ஜெட்) வழியாகப் போனவர்கள் இதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். இறங்கும்போது இறுதி நேர்ப்பாதையில் அடிப்படை வேகம் 155 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.). தொட்டியில் 1,000 பவுண்டுக்கு மேல் மிச்சமிருக்கும் ஒவ்வொரு 100 பவுண்டு எரிபொருளுக்கும் ஒரு நாட் கூட்ட வேண்டும். 2,000 பவுண்டு இருந்தால் 165. இந்தக் கணக்கு எளிது. ஆளைக் கொல்வது அதற்கு முந்தைய திருப்பம். ஓடுபாதையைத் தாண்டிப் போகிறோமே என்று ஸ்டிக்கை இன்னும் கொஞ்சம் இழுத்தால் மெல்லிய இறக்கை அதிர ஆரம்பிக்கும். மூக்கு மேலேயே இருக்கும், விமானம் மட்டும் கல்லாகக் கீழே போகும். பெரிய விமானம் ஓட்டிய கை இங்கே பொறுமையாகத் திருத்தப் பார்க்கும். அதற்கு நேரம் கிடையாது. முழு விசை கொடு, இழுப்பைத் தளர்த்து, இறக்கையைச் சமமாக்கு, சுற்றி மறுபடி வா. அவ்வளவுதான்.

அடுத்தது ஜி விசை, அதாவது வேகமாகத் திரும்பும்போது உடம்பை அழுத்தும் விசை; 9 ஜி என்றால் உடம்பின் எடை ஒன்பது மடங்காகத் தெரியும். சுழல் எந்திரத்தில் வைத்துச் சோதிப்பார்கள். எஃப்-16 போகிறவர் 9 ஜி வரை தாங்கிக் காட்ட வேண்டும். பலரும் காலையும் வயிற்றையும் அழுத்திப் பிடிக்கும் ஜி-சூட் உடை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். விசை ஏறும் முன்பே தொடை, பின்புறம், வயிற்றுத் தசைகளை இறுக்கி, மூச்சை நிறைய இழுத்து அடைத்து, மூன்று விநாடிக்கு ஒருமுறை சட்டென்று கொஞ்சம் மட்டும் மாற்ற வேண்டும். தோற்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டே இடத்தில் தோற்கிறார்கள்: இறுக்குவதில் அரை விநாடி தாமதம், அல்லது மூச்சை முழுவதுமாக வெளியே விட்டுவிடுவது. நினைவு போனால் சுமார் 12 விநாடிக்கு ஆள் இல்லை. அதன்பின்னும் சில விநாடி எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. கழுத்தும் கவனம்: தலையைத் திருப்பி வைத்துவிட்டு அப்புறம்தான் ஸ்டிக்கை இழுக்க வேண்டும். இழுத்துக்கொண்டே திரும்பினால் அடுத்த வாரம் பறப்பதற்குப் பதில் பிசியோதெரபிதான்.

பிறகு டி-38இலேயே போர்ப் பறப்பின் அடிப்படைகள். அதன்பின் எஃப்-16 அடிப்படைப் பயிற்சி. டூசானில் அரிசோனா கார்டின் 162வது விங் (ஸ்குவாட்ரன்களை உள்ளடக்கிய பெரிய பிரிவு), சான் அன்டோனியோவில் டெக்சஸ் கார்டின் 149வது விங் போன்றவை நடத்துகின்றன. இந்தக் கட்டத்துக்குத்தான் முழு மதிப்பெண். வான்சண்டைப் பாடம் எதிரிக்குப் பின்னால் 3,000, 6,000, 9,000 அடி என்று வரையறுத்த தூரங்களில் தொடங்கும். எங்கே தவறினோம் என்று ஒளிக்க முடியாது. பெரிய விமானக்காரருக்கு இங்கே இரண்டு பழைய பழக்கம் எதிரி. ஒன்று, கண் தானாகவே உள்ளே மீட்டர் பக்கம் போவது. அந்த ஒரு கணத்தில் எதிரியைத் தொலைத்துவிடுவார். மற்றொன்று எரிபொருள். எஃப்-16இன் உள்தொட்டிகளில் சுமார் 7,000 பவுண்டுதான். ஆஃப்டர்பர்னர் (எஞ்சினுக்குக் கூடுதல் உந்துதல் தரும் அமைப்பு) போட்டால் கண்முன்னே கரையும். மணிக்கணக்கில் பறக்கப் பழகியவர், எரிபொருள் தளத்துக்குத் திரும்ப வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டதை ரேடியோவில் சொல்ல மறந்துவிடுகிறார். பக்கத்தில் நினைவூட்டத் துணை விமானி இல்லை, செக்லிஸ்ட்டை எடுத்துப் படிக்க ஆளும் இல்லை.

பறப்பு ஒரு மணி நேரம் என்றால் அதன் அலசல் மூன்று நான்கு மணி நேரம் ஓடும். பதிவுகளைப் போட்டுப் பார்த்து, பிழை கண்ணில் நடந்ததா, முடிவில் நடந்ததா, கையில் நடந்ததா என்று பிரித்து எடுப்பார்கள். அந்த அறையில் பதவிக்கு இடமில்லை. வயதில் சின்ன கேப்டன் ஒருவர் லெப்டினன்ட் கர்னலைப் பார்த்து “ஐந்தாவது விநாடியில் நீங்கள் எடுத்த முடிவு தப்பு” என்று முகத்துக்கு நேரே சொல்வார். இதைப் பொறுக்க முடியாதவர் வராமலிருப்பதே நல்லது.

இனி குறை. மாதம் ஒரு வார இறுதி, வருடம் 15 நாள் என்பதெல்லாம் விளம்பரத்துக்கு. போர் விமானத்தில் கை துருப்பிடிக்காமல் இருக்க மாதம் தவறாமல் பல முறை பறக்க வேண்டும். சில வாரம் விட்டாலே ஜி தாங்கும் உடம்பு இறங்கிவிடும். பயிற்சி முடித்து வந்ததும் சொந்த ஸ்குவாட்ரனில் போர்ப்பணித் தகுதிப் பயிற்சி, அதன்மேல் முழுநேரமாகப் பறந்து பதப்படும் காலம். ஆரம்பம் முதல் சேர்த்தால் இரண்டு மூன்று ஆண்டு வேறு வேலை எதுவும் ஓடாது. ஏர்லைன்ஸில் இருப்பவருக்கு யூசெரா (படைச் சேவைக்குப் போகிறவரின் வேலையைக் காக்கும் அமெரிக்கச் சட்டம்) வேலையையும் சீனியாரிட்டியையும் காக்கும்; பொதுவான வரம்பு மொத்தம் 5 ஆண்டு, சில வகைப் பயிற்சிகள் அதில் சேராது. ஆனால் அந்த விடுப்புக் காலத்தின் ஏர்லைன்ஸ் சம்பளத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் ஸ்குவாட்ரனில் கேட்க வேண்டியவை சில. புதிதாக வந்த விங்மேன்களுக்கு (தலைமை விமானத்தின் பக்கத்தில் பறக்கும் விமானிகளுக்கு) போன வருடம் மாதம் சராசரியாக எத்தனை பறப்பு கிடைத்தது? முழுநேரமாக வைத்துக்கொள்ள எத்தனை மாதத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது? அந்த விமானம் இன்னும் எத்தனை வருடம் அங்கே இருக்கும்? மேரிலாண்டின் 175வது விங்கிலிருந்து 2025இல் ஏ-10 தாக்குதல் விமானங்கள் போயின. இப்போது அது சைபர் பணிக்கு மாறுகிறது. ஃபோர்ட் வொர்த்தின் 301வது விங்கோ எஃப்-16ஐ விட்டு எஃப்-35க்குப் போகிறது. முதல் வகை என்றால் பட்ட பாடு வீண். இரண்டாவது என்றால் இன்னொரு விமானத்துக்கான மாற்றுப் பயிற்சிக்கும் நாள் ஒதுக்க வேண்டியிருக்கும்.