மொழி ஆசிரியரின் வளர்ச்சிக்கு ஒரு தொகுப்பேடு: எபோஸ்டல் குறித்த மதிப்புரை

பள்ளியில் அயல்மொழி கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியருக்கு உதவி என்ற பெயரில் வந்து சேர்பவை பெரும்பாலும் பாடப்பொருள்களே. பாடநூல், ஆசிரியர் கையேடு, ஒலிப்பதிவுகள், பயிற்சித்தாள்கள் எல்லாம் இன்று ஓரளவு எளிதாகக் கிடைக்கின்றன. அவ்வப்போது பயிலரங்கு ஒன்றும் நடக்கிறது. ஆனால் நேற்று நடத்திய வகுப்பில் மாணவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை, பிழை திருத்திய விதம் அவர்களுக்குப் பயன்பட்டதா, முழு வகுப்பையும் அயல்மொழியிலேயே நடத்தியது சரிதானா என்று ஆற அமர யோசிக்கவும், அந்த யோசனையை இன்னொருவரோடு பேசவும் துணைசெய்யும் கருவிகள் மிகக் குறைவு. அத்தகைய கருவி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. ஆசிரியப் பயிற்சி மாணவர்களோடும், பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன மொழி ஆசிரியர்களோடும் இதை வைத்து வேலை செய்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கருவியின் பெயர் எபோஸ்டல். மொழி ஆசிரியப் பயிற்சி மாணவருக்கான ஐரோப்பியத் தொகுப்பேடு என்று இதைச் சொல்லலாம். ஐரோப்பிய அவையின் கீழ் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருந்து இயங்கும் நவீன மொழிகளுக்கான ஐரோப்பிய மையம் 2007இல் இதை வெளியிட்டது. அந்த மையம் 1994இல் நிறுவப்பட்டது. ஆர்மீனியா, ஆஸ்திரியா, நார்வே, போலந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஆசிரியர் பயிற்றுநர்கள் கூடி இந்த ஏட்டை உருவாக்கினார்கள். மையத்தின் இணையதளத்திலிருந்து எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல் வேறு பல மொழிகளிலும் கிடைக்கிறது.

இதன் பின்னணியைச் சற்று அறிந்திருந்தால் அமைப்பு எளிதில் விளங்கும். மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாக வகுத்த ஐரோப்பியப் பொதுச் சட்டகம் 2001இல் வெளிவந்தது. மொழி கற்பவர் தம் முன்னேற்றத்தைத் தாமே பதிந்துகொள்வதற்கான தொகுப்பேடும் அதே காலத்தில் பரவலாயிற்று. அவை இரண்டிலும் மாணவர் தம்மால் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லும் கூற்றுகளே அடிப்படை. அதே முறையை மாணவரிடமிருந்து ஆசிரியர் பக்கம் திருப்பியதுதான் எபோஸ்டல்.

ஏட்டின் முதல் பகுதி தன்னைப் பற்றிய அறிக்கை. நீங்கள் மாணவராக இருந்தபோது உங்களுக்குக் கற்பித்த விதத்தில் எவை நல்லனவாகவும் எவை தீயனவாகவும் மனத்தில் தங்கின, கற்பித்தலில் எதை ஆவலோடு எதிர்பார்க்கிறீர்கள், பயிற்சியிலிருந்து என்ன பெற விரும்புகிறீர்கள் என்ற திசையில் கேள்விகள் செல்கின்றன. சிறிய பகுதிதான், பலர் இதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் இதற்கு அதிக மதிப்புத் தருகிறேன். இலக்கண விதியைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்ன ஆசிரியரிடம் படித்தவர், எவ்வளவு நவீன முறைகளைப் படித்திருந்தாலும், வகுப்பில் நெருக்கடி வரும்போது அதே கரும்பலகையைத்தான் நாடுகிறார். தமக்குள் இருக்கும் அந்தப் பழைய ஆசிரியரை எழுத்தில் அடையாளம் கண்டுகொண்டவர் அவரிடமிருந்து விலகுவதும் எளிதாகிறது.

ஏட்டின் உயிர் இரண்டாம் பகுதியான சுயமதிப்பீட்டில் இருக்கிறது. சூழல், கற்பித்தல் முறை, வளங்கள், பாடத் திட்டமிடல், வகுப்பு நடத்துதல், தன்னிச்சையாகக் கற்றல், கற்றலை மதிப்பிடுதல் என ஏழு தலைப்புகளின் கீழ் ஏறத்தாழ 200 கூற்றுகள் உள்ளன. கற்பித்தல் முறை என்ற தலைப்பு மட்டும் பேசுதல், எழுதுதல், கேட்டல், படித்தல், இலக்கணம், சொல்வளம், பண்பாடு என்று மேலும் பிரிகிறது. ஒவ்வொரு கூற்றும் என்னால் இதைச் செய்ய முடியும் என்ற வடிவில் எழுதப்பட்டிருக்கிறது. கூற்றின் கீழே அம்பு வடிவில் ஒரு பட்டை இருக்கும். ஆசிரியர் அந்தப் பட்டையில் தாம் எட்டியிருப்பதாகக் கருதும் இடம்வரை வண்ணம் தீட்டி, தேதியைக் குறிக்க வேண்டும். சில மாதங்கள் கழித்து மீண்டும் வந்து, வளர்ச்சி இருந்தால் வண்ணத்தை நீட்டி, புதிய தேதியைக் குறிக்கலாம். பயிற்சி முடிவதற்குள் எல்லாப் பட்டைகளும் நிரம்பிவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை என்பதையும், இந்த வளர்ச்சி பணிக்காலம் முழுவதும் தொடர்வது என்பதையும் ஏடு தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

எண் இல்லாமல் பட்டையை வைத்தது நல்ல முடிவு. ஐந்துக்கு மூன்று என்று எழுதச் சொன்னால் பயிற்சி மாணவர் அதை மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்கிறார். குறைவாக எழுதினால் வேலைக்குக் கேடு, கூட்டி எழுதினால் தற்பெருமை என்ற தயக்கத்தில் எல்லாவற்றுக்கும் நடுவிலுள்ள எண்ணையே போட்டுவிடுகிறார். பாதி வண்ணம் தீட்டிய பட்டையோ மீதிப் பாதியைப் பற்றிய பேச்சைத் தானாகவே தொடங்கிவைக்கிறது.

கூற்றுகளின் தரம் ஒரே சீராக இல்லை. நன்றாக அமைந்தவற்றுள் பிழை பற்றியவற்றை முதலில் சொல்வேன். மாணவர் செய்யும் பிழைகளை ஆராய்ந்து அவற்றின் பின்னே எந்த மனச்செயல் இருக்கலாம் என்று கண்டறிவது ஒரு கூற்று. வகுப்பில் எழும் பிழைகளைக் கற்றலுக்கும் கருத்துப் பரிமாற்றத்துக்கும் துணையாகும் விதத்தில் கையாள்வது இன்னொன்று. இவை வெவ்வேறு திறன்கள் என்பதைப் புதிய ஆசிரியர்கள் பலர் இந்த ஏட்டின் வழியாகத்தான் உணர்கிறார்கள். தாய்மொழியின் தொடரமைப்பை அயல்மொழியில் ஏற்றிச் சொன்னதால் வந்த பிழை, ஒரு விதியை அளவுக்கு மீறி எல்லாச் சொற்களுக்கும் பொருத்தியதால் வந்த பிழை, தெரிந்தும் பேச்சின் வேகத்தில் நழுவிய பிழை என்று பிரித்தறிவது முதல் திறனைச் சேர்ந்தது. மாணவர் தம் குடும்பத்தைப் பற்றி உணர்ச்சியோடு பேசிக்கொண்டிருக்கும்போது இடைமறித்து வினைத்திரிபைத் திருத்துவதா, குறித்துவைத்துக்கொண்டு பிறகு எடுத்துச் சொல்வதா என்று அந்தக் கணத்தில் முடிவெடுப்பது இரண்டாவது. முதலாவதில் தேர்ந்தவர் இரண்டாவதில் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கலாம்.

வகுப்பறை மொழி பற்றிய கூற்றுகளும் அப்படியே. எப்போது இலக்கு மொழியைப் பயன்படுத்துவது, எப்போது தவிர்ப்பது என்று தீர்மானிப்பதை இந்த ஏடு ஒரு திறனாகவே கருதுகிறது. அயல்மொழி வகுப்பில் வேறு மொழி ஒரு சொல்லும் ஒலிக்கக் கூடாது என்ற கண்டிப்பும், எல்லாவற்றையும் தாய்மொழியில் விளக்கிவிடும் பழக்கமும் பள்ளிகளில் அருகருகே வாழ்கின்றன. இரண்டுக்கும் இடையே ஆசிரியரின் பகுத்தறிவுக்கு இடமளிப்பது சரியான அணுகுமுறை. மாணவர் ஏற்கெனவே அறிந்த பிற மொழிகளைக் கணக்கில் கொண்டு அவற்றின் மேல் புதிய மொழியைக் கட்டுவது பற்றிய கூற்று ஒன்றும் இருக்கிறது. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளரும் குழந்தைகள் நிறைந்த வகுப்பில் இந்த ஒற்றைக் கூற்றை வைத்தே ஒரு மாதம் வேலை செய்யலாம்.

இனி இதைப் பயன்படுத்தும் முறை. ஏட்டைக் கையில் கொடுத்து, நிரப்பிக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பினால் ஒன்றும் நடப்பதில்லை. 200 கூற்றுகளுக்கும் ஒரே மாலையில் வண்ணம் தீட்டி முடித்துவிடுவார்கள். அதில் சிந்தனை இருக்காது. பயிற்சி மாணவரும் வழிகாட்டி ஆசிரியரும் சேர்ந்து ஒரு வகுப்புக்கு முன்பு மூன்று அல்லது நான்கு கூற்றுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, வகுப்பு முடிந்தபின் இருவரும் தனித்தனியே பட்டையில் குறித்து, பிறகு அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் என் அனுபவத்தில் மிகுந்த பயன் தந்தது. பேசுவதற்கு ஊக்கம் தரும் சூழலை உருவாக்குவது பற்றிய கூற்றில் பயிற்சி மாணவர் முக்கால்வாசிக்கும் வழிகாட்டி ஆசிரியர் கால்வாசிக்கும் வண்ணம் தீட்டியிருந்தால், அங்கேதான் உரையாடல் தொடங்குகிறது. முன்வரிசை மாணவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்பதை ஒருவர் பார்த்திருக்கிறார்; பின்வரிசையில் ஒருவர்கூடப் பேசவில்லை என்பதை மற்றவர் பார்த்திருக்கிறார். நன்றாக இருந்தது, இன்னும் முயற்சி வேண்டும் என்பன போன்ற பொதுவான சொற்களோடு முடிந்துவிடும் வழக்கமான கருத்துரையைவிட இது எத்தனையோ மடங்கு மேலானது. குறையைச் சுட்டுவதற்கு வழிகாட்டி ஆசிரியரும் தயங்க வேண்டியதில்லை. பேச்சு கூற்றைப் பற்றியதாக இருப்பதால் மனத்தாங்கல் வருவதில்லை.

மூன்றாம் பகுதி சான்றுகளின் தொகுப்பு. பாடக்குறிப்பு, வகுப்பைப் பார்த்தவர்கள் எழுதிய கருத்து, மாணவர்களின் வேலைத் தாள்கள், சிறு ஆய்வுக் குறிப்புகள் போன்றவற்றை இதில் சேர்த்துவைக்கலாம். வண்ணம் தீட்டிய பட்டைக்கு ஆதாரம் கேட்பது இதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான் என்றாலும் நடைமுறையில் இது தாள்களின் குவியலாகிவிடுகிறது. ஒரு கூற்றுக்கு ஒரே ஒரு சான்று போதும் என்று முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. இறுதியிலுள்ள கலைச்சொல் விளக்கமும் பயன்படுத்துவோருக்கான வழிகாட்டியும் தெளிவாக எழுதப்பட்டுள்ளன.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை நேர்மையாக இராது. எனக்கு மிகப் பெரிதாகப் படும் குறை, ஆசிரியரின் சொந்த மொழித்திறன் பற்றி இந்த ஏடு பேசாமலிருப்பது. தாய்மொழியல்லாத மொழியைக் கற்பிக்கும் ஆசிரியரின் ஆழ்ந்த கவலை பெரும்பாலும் அதுதான். பள்ளியில் தொடக்கநிலை மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் எளிய தொடர்களையே பேசிப் பேசித் தம் மொழி தேய்ந்துவருகிறதே என்ற வருத்தத்தை எத்தனையோ ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மொழித்திறனை அளக்க ஆறு நிலைச் சட்டகம் தனியே இருக்கிறது என்று பதில் சொல்லலாம். ஆனால் அந்தச் சட்டகம் பொதுவான மொழித்திறனை அளப்பது. ஒரு கட்டளையை எளிய சொற்களில் மூன்று விதமாகச் சொல்வது, மாணவர் எதிர்பாராமல் கேட்கும் சொல்லுக்கு அதே மொழியில் விளக்கம் தருவது போன்ற ஆசிரியத் தொழிலுக்கே உரிய மொழித்திறனை அதைக்கொண்டு அளப்பது கடினம்.

இரண்டாவது குறை காலத்தால் வந்தது. 2007இன் கருவியில் இணையத்தில் தகவல் தேடுவதும் கணினிவழிக் கற்றல் தளங்களும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு மாணவரின் கையிலும் மொழிபெயர்ப்புச் செயலியும், கட்டுரை எழுதித் தரும் செயலியும் இருக்கும் வகுப்பறையை அது அறியாது. வீட்டுப்பாடத்தைத் திட்டமிட்டு மதிப்பிடுவது பற்றிய கூற்றுகளை இன்று படிக்கும்போது, எழுதியவர் மாணவர்தானா என்ற கேள்வி ஒவ்வொன்றின் மேலும் கவிகிறது. பயிற்றுநர்கள் தம் சூழலுக்கேற்பச் சில கூற்றுகளைத் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்வதைத் தவிர இதற்கு இப்போதைக்கு வழியில்லை.

மூன்றாவது ஆபத்து ஏட்டில் இல்லை, அதைப் பயன்படுத்தும் நிர்வாகங்களிடம் இருக்கிறது. நல்ல ஆசிரியருக்கான கட்டாயப் பட்டியலாக இதைக் கொள்ளக் கூடாது என்று ஏடே கூறுகிறது. இருந்தும், வரிசையாக எழுதப்பட்ட 200 கூற்றுகளைக் கண்டதும் அவற்றை ஆய்வுப் படிவமாக மாற்றி மதிப்பெண் போடும் ஆசை எழுகிறது. அப்படிச் செய்த இடத்தில் பயிற்சி மாணவர்கள் எல்லாப் பட்டைகளையும் முழுமையாக நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒருவரும் தம் குறையைத் தாமே எழுதி மேலதிகாரியின் கையில் கொடுக்க மாட்டார். வழிகாட்டி ஆசிரியரைத் தவிர வேறு எவரும் பார்ப்பதில்லை என்ற உறுதியை முதல் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

நேரமும் ஒரு செலவுதான். வழிகாட்டி ஆசிரியர் தம் முழுப் பாடவேளைச் சுமையோடு இந்த உரையாடலையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று பள்ளி எதிர்பார்த்தால், இரண்டாம் மாதத்திலேயே ஏடு மேசை அறைக்குள் போய்விடும். வாரத்தில் ஒரு பாடவேளையை இருவருக்கும் பொதுவாக ஒதுக்கித் தரும் பள்ளியில் மட்டுமே இது நிலைத்து நடப்பதைக் கண்டிருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் கருவிக்குப் பள்ளி கொடுக்க வேண்டிய விலை அந்த ஒரு பாடவேளை. அதைக் கொடுக்க மனமில்லாத நிர்வாகம் இதைப் பதிவிறக்காமலிருப்பதே நல்லது.

அனுபவம் மிக்க ஆசிரியர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. பல ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு, ஆறு வளர்ச்சிக் கட்டங்களாக அமைந்த ஐரோப்பிய ஆசிரியர் திறன் அட்டவணை பொருத்தமாக இருக்கும். 2011 முதல் 2013 வரை நடந்த திட்டத்தில் உருவான அந்த அட்டவணையில் ஆசிரியரின் மொழித்திறனுக்கும் தனி இடம் உண்டு. எபோஸ்டல் யாருக்கென்றால் பயிற்சியில் இருப்பவர்களுக்கும், பணியின் முதல் சில ஆண்டுகளைக் கடந்துகொண்டிருப்பவர்களுக்கும், அவர்கள் அருகில் உட்கார்ந்து பேச முன்வரும் மூத்த ஆசிரியர்களுக்கும்தான். தொடங்குவோர் முழு ஏட்டையும் அச்சிட வேண்டாம். தன்னைப் பற்றிய அறிக்கையையும், வகுப்பு நடத்துதல் என்ற தலைப்பின் பக்கங்களையும் மட்டும் அச்சிட்டு முதல் பருவத்தை அவற்றோடு நடத்துங்கள். மதிப்பிடுதல் பகுதியை மாணவர்களின் முதல் தேர்வுத் தாள்கள் கைக்கு வந்தபின் திறந்தால் போதும்.