எந்த டேப் கணினியை இழுக்கிறது: கண்டுபிடிக்கும் வழிகளில் எது உருப்படி?

விசிறி இரைகிறது, டைப் செய்த எழுத்து அரை நொடி கழித்துத் திரையில் வருகிறது, நாற்பது டேப் திறந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் மூடினால் சரியாகிவிடும்தான். ஆனால் எது காரணம் என்று தெரியாது. நாளைக்கு அதே பக்கத்தைத் திறந்ததும் அதே கூத்து. கண்டுபிடிக்க ஆளாளுக்கு நான்கு வழி சொல்வார்கள்: கணினியின் டாஸ்க் மேனேஜர் (என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பட்டியல்), பிரவுசருக்குள் இருக்கும் டாஸ்க் மேனேஜர், டேப்களைத் தூங்கவைக்கும் வசதி, எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் நாம் சேர்க்கும் துணை நிரல்). இதில் உண்மையில் கண்டுபிடித்துத் தருவது ஒன்றரை வழிதான்.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர்

கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தினால் வரும். பிரவுசர்தான் தின்கிறதா, வேறு மென்பொருளா என்று பிரித்துச் சொல்லும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். குரோமை விரித்துப் பார்த்தால் ஒரே பெயரில் வரிசையாக வரிகள் நிற்கும். எது எந்த டேப் என்று தெரியாது. குருட்டாம்போக்கில் ஒன்றை நிறுத்தினால் பாதி எழுதிய மின்னஞ்சல் போய்விடும்.

இதில் ஒரு கண்கட்டு உண்டு. சிபியு என்பது கணினியின் மூளை, கோர் என்பது அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. விண்டோஸ் காட்டும் சிபியு சதவீதம் எல்லாக் கோர்களுக்கும் சேர்த்துக் கணக்கிட்டது. எட்டு கோர் உள்ள கணினியில் ஒரு டேப் ஒரு கோரை முழுதாகப் பிடித்து வைத்திருந்தால் விண்டோஸில் அது சுமார் 12 என்றுதான் தெரியும். ‘12 தானே’ என்று கடந்துபோவோம். அதே டேப் குரோமின் சொந்தப் பட்டியலில் 100 என்று நிற்கும், ஏனென்றால் அங்கே ஒரு கோர்தான் 100. இரண்டும் சரிதான், அளவுகோல்தான் வேறு.

மேக்கில் கதை மாறுகிறது. சஃபாரிக்குத் தனி டாஸ்க் மேனேஜர் கிடையாது, ஆனால் மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டரில் சஃபாரியின் பக்கங்கள் அவற்றின் இணைய முகவரியோடு வரும். சிபியு பட்டியலைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் போதும். இங்கேயும் ஒரு கோர் என்பது 100.

குரோம், எட்ஜ்: ஷிஃப்ட்+எஸ்கேப்

முதலில் திறக்க வேண்டியது இதைத்தான். பிரவுசர் ஜன்னல் முன்னால் இருக்கும்போது ஷிஃப்ட்+எஸ்கேப். மேக் குரோமில் விண்டோ மெனுவுக்குள் இருக்கிறது. திறந்ததும் சிபியு என்ற தலைப்பை ஒருமுறை கிளிக் செய்து பெரியது மேலே வரும்படி வையுங்கள். பிறகு அரை நிமிடம் எதையும் தொடாமல் பாருங்கள். பக்கம் திறக்கும்போது எந்த டேப்பும் சில நொடி எகிறத்தான் செய்யும். முப்பது நொடிக்குப் பிறகும் மேலேயே உட்கார்ந்திருப்பதுதான் ஆள். அந்த வரியை இரட்டைக் கிளிக் செய்தால் நேராக அந்த டேப்புக்குப் போய்விடலாம்.

இங்கே குழப்புகிற வரிகள் சில. ‘சப்ஃபிரேம்’ என்று தொடங்குவது ஒரு பக்கத்துக்குள் உட்கார்ந்திருக்கும் வேறு தளத்தின் துண்டு, பெரும்பாலும் விளம்பரம் அல்லது வீடியோ பெட்டி. 2018-இல் வந்த குரோம் 67 முதல் வெவ்வேறு தளங்களைத் தனித்தனிப் பிராசஸில் (கணினியில் தனியாக ஓடும் வேலை) ஓட்டுவதால்தான் இது தனியாகத் தெரிகிறது. செய்தித் தளம் 3-இல் இருக்க, அதற்குள் ஓடும் விளம்பரம் 98-இல் நிற்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். அந்த வரியை மட்டும் தேர்ந்து ‘எண்ட் பிராசஸ்’ கொடுத்தால் விளம்பரப் பெட்டி செத்துவிடும், கட்டுரை அப்படியே இருக்கும்.

‘எக்ஸ்டென்ஷன்’ என்ற வரி மேலே இருந்தால் டேப்களின் மேல் பழியில்லை. ‘ஜிபியு பிராசஸ்’ (திரையில் படம் வரையும் வேலை) மேலே இருந்தால் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தின் வீடியோவையோ அசைவுகளையோ சந்தேகியுங்கள். மறைந்திருக்கும் டேப் திரையில் எதையும் வரைவதில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அணைந்திருந்தால் வீடியோ வேலை முழுவதும் சிபியு தலையில்.

எச்சரிக்கை ஒன்று: ஒரே தளத்தின் டேப்கள், முக்கியமாக ஒன்றிலிருந்து இன்னொன்றாகத் திறந்தவை, ஒரே பிராசஸைப் பங்கு போடலாம். ஒன்றை நிறுத்தினால் கூட்டாளிகளும் விழும். நிரப்பிய படிவம் இருந்தால் முதலில் சேமியுங்கள்.

ஃபயர்பாக்ஸ்

இதே ஷிஃப்ட்+எஸ்கேப், அல்லது முகவரிப் பட்டையில் அபவுட்:பிராசஸஸ். பட்டியல் தனி டேப்பாகத் திறக்கும். தளத்தின் பிராசஸுக்கு அடியில் அதைச் சேர்ந்த டேப்களின் பெயர்கள் வரிசையாக வருவதால் பங்காளிகள் யார் என்பது குரோமைவிடத் தெளிவு. பிராசஸ் வரியின் மேல் மவுஸை வைத்தால் ஒரு புரொஃபைலர் பொத்தான் வரும்; ஐந்து நொடி பதிவு செய்து எந்த ஸ்கிரிப்ட் ஓடியது என்று காட்டும். இணையதளம் நடத்துபவர்களுக்கு இது வரப்பிரசாதம், மற்றவர்களுக்குத் தேவைப்படாது.

சிபியுவா, மெமரியா?

பலர் மெமரி வரிசையைப் பார்த்து, 800 எம்பி தின்னும் டேப்பைத் திட்டுவார்கள். ராம், அதாவது கணினியின் மெமரி, காலியாக இருக்கும்வரை அந்த 800 யாரையும் மெதுவாக்காது. ராம் நிரம்பி, கணினி டிஸ்க்கில் தகவலைத் தள்ளி இழுக்கத் தொடங்கினால்தான் மெமரி வில்லன். அறிகுறியும் வேறு: விசிறி இரைந்து சூடானால் சிபியு, விசிறி அமைதியாக இருந்து, டேப் மாற்றும்போது மட்டும் நொடிக்கணக்கில் உறைந்தால் மெமரி. எந்த வரிசையை அடுக்குவது என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

தூங்கவைக்கும் வசதி

குரோமின் மெமரி சேவர், எட்ஜின் ஸ்லீப்பிங் டேப்ஸ். செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஒன்றை இயக்கிவிடுவது நல்லதுதான், மெமரி பற்றாக்குறைக்கு இதுதான் மருந்து. ஆனால் கண்டுபிடிப்பதற்கு உதவாது. மெமரி சேவர் விட்டுவைக்கும் டேப்களைப் பாருங்கள்: ஒலி ஓடுவது, வீடியோ அழைப்பில் இருப்பது, திரையைப் பகிர்வது, பின் செய்தது, படிவம் பாதி நிரப்பியது. சிபியுவைத் தின்பவை பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கும்.

எக்ஸ்டென்ஷன்

‘எந்த டேப் எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டுவேன்’ என்று சொல்லும் குரோம் எக்ஸ்டென்ஷனை நம்பாதீர்கள். அந்தக் கணக்கைத் தரும் வசதி குரோமின் டெவ் பதிப்பு (சோதனைக்கான முன்பதிப்பு) எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது, நாம் வைத்திருக்கும் சாதாரணப் பதிப்பில் இல்லை. டேப்களை முடக்கி வைக்கும் எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. அவற்றுக்கு நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களின் மேலும் அனுமதி தர நேரலாம். அந்த வகையில் மிகப் பிரபலமாக இருந்த தி கிரேட் சஸ்பெண்டர் கைமாறி, தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. பயன்படுத்தியவர்களின் பிரவுசரிலும் முடக்கியது. அதில் முடங்கிக் கிடந்த டேப்களை மீட்க அவர்கள் ஹிஸ்டரியில் துழாவ வேண்டியிருந்தது.