பூத்து முடிந்த தொட்டிக் கிழங்குகள்: எது திரும்பி வரும், எது வராது

லண்டனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது சிமென்ட் தரை. அதனால் எல்லாப் பூவும் தொட்டியில்தான். பூத்து ஓய்ந்த கிழங்குகளைத் தூக்கிப் போட மனம் வராமல், மறு வருடமும் பூக்க வைக்கச் சில ஆண்டுகளாகவே முயன்று வருகிறேன். வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும் டாஃபடில், திராட்சைக் கொத்து போல நீலமாகப் பூக்கும் மஸ்காரி இரண்டுக்கும் இந்தப் பாடு தகும். பெரிய பூ டியூலிப்புக்குத் தகாது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. பூ வாடியதும் தலையை மட்டும் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும். இலையைத் தொடவே கூடாது. கிழங்கு மறுபடி பருப்பது அந்த இலை வெயிலில் தயாரிக்கும் உணவால்தான். குறைந்தது ஆறு வாரம் அப்படியே விட்டு, இலை தானாகப் பழுக்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். டாஃபடில் இலைகளைச் சேர்த்து முடிச்சுப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் இலைக்கு வெளிச்சம் கிடைக்காமல் போய்விடும். தக்காளிச் செடிக்கென்று விற்கும் பொட்டாஷ் அதிகமுள்ள திரவ உரத்தைப் பத்து நாளுக்கு ஒருமுறை கொடுக்கிறேன். தொட்டி மண்ணில் சத்து சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் இதை விடுவதில்லை.

பிரச்சினை, அந்த ஆறு வாரமும் தொட்டி பார்க்கச் சகிக்காது. அதனால் இப்போது கிழங்குகளைச் சாதாரண கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை நல்ல தொட்டிக்குள் இறக்கி வைக்கிறேன். பூ முடிந்ததும் உள்தொட்டியை எடுத்து ஷெட்டுக்குப் பின்னால், வெயில் படும் இடத்தில் வைத்துவிடலாம். இத்தனை வருடத்தில் கற்றதிலேயே உருப்படியானது இதுதான்.

‘டெட்-ஆ-டெட்’ என்ற குட்டி டாஃபடில் வருடா வருடம் கூட்டம் கூட்டமாக வருகிறது. இலை காய்ந்தபின் தொட்டியை மழை படாமல் கூரை ஓரத்தில் வைத்து, செப்டம்பரில் மண் மாற்றி, நெருக்கத்தைப் பிரித்து நடுகிறேன். நஞ்சு இருப்பதால் அணில்களும் அதைச் சீண்டுவதில்லை. டியூலிப் கிழங்கு என்றால் தோண்டித் தின்றுவிடும், கம்பி வலை போட்டே ஆக வேண்டும். ஒரு எச்சரிக்கை: எடுத்து உலர்த்திய டாஃபடில் கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுவராதீர்கள். பார்க்க அப்படியே வெங்காயம்!

வாசனைப் பூக்கொத்து விடும் ஹயசிந்த் இரண்டாம் வருடம் கொஞ்சம் மெலிந்து பூக்கும், அவ்வளவுதான்.

டியூலிப் கதை வேறு. நட்ட கிழங்கு அந்த வருடத்தோடு தீர்ந்து, அதன் இடத்தில் சின்னச் சின்னக் கிழங்குகள் உண்டாகும். தொட்டி நெருக்கத்தில் அவை பூக்கும் அளவுக்குப் பருப்பது அரிது. மறு வசந்தத்தில் ஒற்றை இலை மட்டும் எட்டிப் பார்க்கும். நெதர்லாந்தின் கூக்கன்ஹாஃப் பூங்காவிலேயே ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சுமார் 70 லட்சம் கிழங்குகளைப் புதிதாகத்தான் நடுகிறார்கள். அப்புறம் நமக்கென்ன வைராக்கியம்? டார்வின் கலப்பினம் என்ற பெரிய பூ டியூலிப் வகையில் ‘அப்பெல்டோர்ன்’ எனக்கு இரண்டாம் வருடமும் பூத்தது, பூ சிறுத்திருந்தது. மத்திய ஆசியாவிலிருந்து வந்த ‘டார்டா’ என்ற குட்டி இனம் மட்டும் விதிவிலக்கு. கோடையில் தொட்டியைக் காயவிட்டால் போதும், திரும்பி வருகிறது.

மற்ற டியூலிப்பையெல்லாம் இப்போது நவம்பரில் புதிதாக வாங்குகிறேன். குளிர் இறங்கியபின் நட்டால் இலைகருகல் பூஞ்சையும் குறையும், கடைகளில் விலையும் பாதியாகியிருக்கும்.