ஓஸ்ட் ஹவுஸில் குடியிருக்கலாமா? சில வருட அனுபவம்

இங்கிலாந்தின் கென்ட் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: வட்டமான செங்கல் கட்டடம், கூம்புக் கூரை, உச்சியில் வெள்ளை மரத்தொப்பி. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை உலர்த்துவதற்காகக் கட்டிய சூளை அது, பெயர் ஓஸ்ட் ஹவுஸ். வீடாக மாற்றிய அப்படி ஒன்றில்தான் சில வருடங்களாக வாடகைக்கு இருக்கிறோம்.

சூளை எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் வீட்டின் குணம் பிடிபடும். கீழே கரி நெருப்பு. மேலே சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த தளம், அதன்மேல் குதிரைமுடித் துணி, துணியில் பச்சை ஹாப்ஸ். சூடான காற்று பூவுக்குள் புகுந்து ஏறி, உச்சி வழியே வெளியேறும். தொப்பி காற்றடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்.

ஆக, சூட்டை மேலே அனுப்புவதற்கென்றே கட்டியது. இப்போது உச்சியை அடைத்துவிட்டார்கள், தொப்பியும் சுழலாது. ஆனாலும் பழைய புத்தி போகவில்லை. ஜனவரியில் கீழே ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்போம், மாடிப் படுக்கையறையில் போர்வையே வேண்டாம். எரிவாயு பில்லைப் பற்றிப் பேச வேண்டாம்.

அப்புறம் அந்த வட்ட அறை. வட்டமாகக் கட்டினால் சூடு சமமாகப் பரவும் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்பினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சதுரமே போதும் என்று திரும்பிவிட்டார்கள். அலமாரி வாங்கப் போகும்போதெல்லாம் நானும் சதுரக் கட்சிதான். எதை வைத்தாலும் பின்னால் இடுக்கு, அதில் தூசி. ஆனால் விருந்தாளிகள் வந்தால் எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள், வெளிச்சம் சுவரில் வழுக்கிக்கொண்டு போவது அவ்வளவு அழகு. மற்றபடி எங்கள் அன்றாடம் நடப்பது பக்கத்து நீளக் கொட்டகையில். உலர்ந்த ஹாப்ஸை ஆறவைத்து மூட்டை கட்டிய இடம், இப்போது சமையலறையும் கூடமும்.

ஈரம்தான் பெரிய தலைவலி. இடைவெளி விடாத ஒற்றைச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. முன்பு யாரோ சிமென்ட் பூசிவிட, ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்பக்கம் உப்புப் பூத்தது. சிமென்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு வைத்த பிறகுதான் அடங்கியது. அதுவும் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால், ஜன்னலை மாற்றக்கூட உள்ளாட்சியின் அனுமதி வேண்டும்.

வாடகைக்கு என்றால் தயங்காமல் வாருங்கள். வாங்குவதென்றால், பழைய சுண்ணாம்புக் கட்டடங்கள் பழகிய சர்வேயரை (வீட்டின் நிலையைச் சோதித்துச் சொல்பவர்) அழைத்துப்போய், மழைக்காலத்தில் மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.