‘ஹெவி’ என்ற ஒரு சொல்லை வைத்து எவ்வளவு பேசலாம்: திருவாரூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு

திருவாரூரில் நான் போகும் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் சேரலாம். வேறு இடங்களில் அட்ஜெக்டிவ் என்றால் ஒரு நீளப் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். இங்கே டீச்சர் ‘ஹெவி’ என்ற ஒரே சொல்லை எடுத்து, நாம் அன்றாடம் பேசுகிற வாக்கியங்களுக்குள் போட்டுப் போட்டுக் காட்டினார்.

‘திஸ் பேக் இஸ் ஹெவி’ எல்லோருக்கும் தெரியும். அப்புறம் ‘ஹெவி ட்ராஃபிக்’, ‘ஹெவி லஞ்ச்’, எத்தனை தடவை எழுப்பினாலும் எழாதவர் ‘ஹெவி ஸ்லீப்பர்’, நம் வயல் களிமண்கூட ‘ஹெவி சாயில்’. ஐப்பசி மழைக்கு ‘ஹெவி ரெய்ன்’ சரி, ஆனால் காற்றுக்கு ‘ஸ்ட்ராங் விண்ட்’ என்பதுதான் வழக்கம். இதை அவர் விளக்கிய விதம் ரொம்பப் பிடித்தது: 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்தவர்கள்தானே நாமெல்லாம், புயல் செய்தியில் கனமழை, பலத்த காற்று என்றுதானே சொல்வார்கள், அதில் கனத்தையும் பலத்தையும் மாற்றிப் போடுவோமா, அப்படியே இங்கிலீஷிலும் ஜோடியோடு சேர்த்துப் பழகுங்கள் என்றார். அதற்குப் பிறகு மறக்குமா?

வானிலை ஆய்வு மையத்தின் அளவையும் சொன்னார். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் ‘ஹெவி’, 204.4-ஐத் தாண்டினால் ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’. சம்பா நட்டுவிட்டு செல்போனில் வானிலை பார்க்கிற வீடுகளுக்கு இது நேரடியாக உதவுகிற பாடம்.

‘வெரி’க்கும் ‘டூ’வுக்கும் நெல் மூட்டையே உதாரணம். ‘வெரி ஹெவி’ என்றால் முக்கி முனகியாவது தூக்கிவிடலாம், ‘டூ ஹெவி’ என்றால் நம்மால் ஆகாது. யாராவது ‘மோர் ஹெவியர்’ என்றால் ‘ஹெவியர்’ மட்டும் போதும் என்று முகம் சுளிக்காமல் திருத்துகிறார்.

குறை என்றால் கூட்டம்தான். ஒரே பேட்ச்சில் அத்தனை பேரை உட்கார வைத்தால் ஒவ்வொருவரும் வாய் திறக்க எங்கே நேரம் இருக்கும்? பின் பெஞ்சுக்குப் பல நாள் முறையே வருவதில்லை. பேசிப் பழகத்தான் பணம் கட்டுகிறோம், அதனால் நிர்வாகம் ஆளைக் குறைத்தே ஆக வேண்டும். புத்தகமும் மங்கலான ஜெராக்ஸ்.

முதல் வகுப்பு இலவசம், உட்கார்ந்து பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். சேர்ந்தால் சீக்கிரம் போய் முன் பெஞ்சில் இடம் பிடித்துவிடுங்கள்.