கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா? மூடியைப் பார்த்து முடிவெடுங்கள்

சேமிப்புப் பாத்திரங்களை மாற்றியபோது நான் கண்ணாடி ஜாடிகளையே தேர்ந்தெடுத்தேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். பிளாஸ்டிக் இலேசானது, கண்ணாடி உடையும், எவர்சில்வருக்குள் என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முதலில் பாத்திரத்தின் சுவர். ரோம் நகரில் மோந்தே தெஸ்தாச்சோ என்ற குன்று சுமார் 35 மீட்டர் உயரம் இருக்கிறது. உடைந்த மண்சாடிகள் குவிந்தே உருவான குன்று அது. அவற்றில் பெரும்பாலானவை ஆலிவ் எண்ணெய் ஏற்றி வந்தவை. மண்ணின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெய் கெட்டு நாறுவதால் அந்தச் சாடிகளை மறுபடி நிரப்ப முடியாமல் போனது என்பதே ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் காரணம். பிளாஸ்டிக்கிடம் எனக்குள்ள முதல் குறையும் இதேதான். எண்ணெயும் வாசனையும் அதில் ஏறிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போவதில்லை. 1946இல் ஏர்ல் டப்பர் கொண்டுவந்த, அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடும் டப்பா அருமையான வடிவமைப்புதான். ஆனால் சுவரின் குணத்தை மூடியால் மாற்ற முடியாதே!

கண்ணாடியும் எவர்சில்வரும் எதையும் உறிஞ்சுவதில்லை. உப்புநீர் நெடுநாள் தேங்கினால் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழலாம். உலர்ந்த பொருளுக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே இவ்விரண்டில் எது என்பதை மூடிதான் தீர்மானிக்கிறது.

நானறிந்த வரையில் சேமிப்புப் பாத்திரம் பெரும்பாலும் மூடியால்தான் வீணாகிறது. எவர்சில்வர் டப்பாவில் மூடி உராய்ந்து இறுகுகிறது. ஒருமுறை கீழே விழுந்து வாய் கொஞ்சம் நசுங்கினால் போதும், வட்டம் போய்விடுகிறது. அதன்பின் மூடி ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் எழும்பி நிற்கும். நான்கு பக்கமும் மடக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் அந்த மடிப்பு வெளுத்து, கீறி, ஒருநாள் கையோடு வந்துவிடும். வாஷர் பதிந்திருக்கும் பள்ளத்தில் கறுப்பாக அழுக்குப் படியும், வாஷரைத் தனியாகக் கழற்றிக் கழுவ வேண்டும். அதே அளவில் வேறொரு மூடி தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, ஏனென்றால் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வோர் அளவு.

கண்ணாடி ஜாடி எனக்கு உயர்ந்து நிற்பது இந்த இடத்தில்தான். 1858இல் ஜான் லாண்டிஸ் மேசன் மரை வைத்த கழுத்துள்ள ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் துத்தநாக மூடி உள்ளிருக்கும் பொருளில் படாமலிருக்க 1869இல் லூயிஸ் பாய்ட் கண்ணாடி உள்தகடு சேர்த்தார். 1879இல் மேசனின் உரிமை முடிந்ததும் பலரும் அந்த வகை ஜாடியைச் செய்யத் தொடங்கினார்கள். இன்று அந்த ஜாடிகளில் 70 மி.மீ., 86 மி.மீ. என்ற இரண்டு வாயளவுகளே பரவலாக இருக்கின்றன. மூடியும் தட்டு தனி, வளையம் தனி. தட்டின் ஓரத்து ரப்பர் தேய்ந்தால் தட்டை மட்டும் மாற்றுகிறேன். வளையம் துருப்பிடித்தால் வளையத்தை மட்டும். ஜாடி அப்படியே இருக்கிறது. பொருளைப் போற்றுகிறவர்களுக்கு இதைவிட நிறைவான வடிவமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

கம்பிக் கொக்கியும் ரப்பர் வளையமும் உள்ள ஜாடிகளைக் கொஞ்சகாலமே வைத்திருந்தேன். இறுக்கம் நன்றாகவே இருந்தது, ஆனால் நீண்டகால உழைப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை. பெருமளவு தானியத்துக்கும் கண்ணாடியைச் சொல்ல மாட்டேன். எடை தாங்காது, எவர்சில்வரே சரி. கையோடு எடுத்துச் செல்வதற்கு பிளாஸ்டிக். வெளிச்சம் பட்டால் கெடும் பொருளென்றால் ஜாடியை மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டும்.

பழைய ஜாடி வாங்குகிறவர்கள் வாய் விளிம்பில் நகத்தைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். எங்கேனும் நகம் தட்டினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது. எந்தப் புது மூடி போட்டாலும் அந்த ஜாடி இறுகாது.